கவிக்கோ அமர்ந்த நாற்காலி எங்கே?



இன்றிரவு இஷா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்ததும் உங்கள் பிள்ளையின் செல்பேசியை ஒரு பத்து நிமிடம் வாங்கிப் பாருங்கள். பாட்காஸ்ட் என்ற பெயரில் ஒரு புதிய மேடை அதற்குள் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாற்காலிகள், இரண்டு ஒலிவாங்கிகள். ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பேச்சு நீளுகிறது. பேருந்தில் போகிறவர், தோல் பதனிடும் ஆலையில் ஷிப்டு முடித்துத் திரும்புகிறவர், சமையற்கட்டில் நிற்கும் சகோதரி, எல்லோருடைய காதிலும் அது ஒலிக்கிறது. நாட்டு நடப்பையும் வரலாற்றையும் இலக்கியத்தையும் நம் பிள்ளைகள் இப்போது பெருமளவு அங்கேதான் கற்கிறார்கள். இதை யாராவது மறுக்க முடியுமா?

அந்த இரண்டு நாற்காலிகளில் முஸ்லிம் எதில் உட்கார்ந்திருக்கிறார்? கேட்கும் நாற்காலியிலா, பதில் சொல்லும் நாற்காலியிலா?

பெரும்பாலும் பதில் சொல்லும் நாற்காலியில்தான். அதுவும் எதற்குப் பதில்? நாவல் எழுதிய எழுத்தாளரை அழைத்து வருகிறார்கள். நாவலைப் பற்றிக் கேட்பதற்கு நேரம் இருப்பதில்லை. புர்காவைப் பற்றிக் கேட்கிறார்கள், தலாக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கோ வடக்கே எவனோ ஒருவன் செய்த குற்றத்துக்கு இங்கே வாணியம்பாடியில் பீடி சுற்றுகிறவரின் மகன் கருத்துச் சொல்ல வேண்டும். கண்டித்தால், "இதை ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டிக்கிறீர்கள்?" என்று அடுத்த கேள்வி. இது விருந்தினருக்குப் போடுகிற நாற்காலியா? இது கூண்டு! மெத்தை தைத்த கூண்டு!

"காலம் அப்படி, நாம் என்ன செய்ய முடியும்?" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. இதே தமிழ்நாட்டில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தின் எல்லைக்குள், ஜவ்வாது மலையின் வடக்கே பாலாற்றங்கரையில் ஒரு முஸ்லிம் எழுத்தாளர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். தமிழ்நாட்டின் மேடைகளில் அவருக்குத் தலைமை நாற்காலி போட்டார்கள். கவிஞர்களை அவர் அழைத்தார், அவர்கள் வந்து பாடினார்கள். யாரும் அவரிடம் விசுவாசச் சான்றிதழ் கேட்கவில்லை.

மர்ஹூம் கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்களைச் சொல்கிறோம்.

உருது வீட்டுப் பிள்ளை

1937ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மதுரையில் பிறந்தவர் அவர். தந்தையார் சையத் அஹமத் உருதுக் கவிஞர். பாட்டனார் சையத் அஷ்ரஃப் அவர்களும் உருதுக் கவிஞர். ஆக, மூன்றாம் தலைமுறையும் உருதுவில் எழுதியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பிள்ளை மதுரை தியாகராசர் கல்லூரியில் தமிழ் படிக்கப் போனது. மீரா, நா. காமராசன், இன்குலாப் என்று பின்னாளில் தமிழ்க் கவிதையில் பெயர் பெற்ற பலரும் படித்த கல்லூரி அது. (இன்குலாப் என்ற பெயருக்குள் கீழக்கரை சாகுல் அமீது ஒளிந்திருந்தார் என்பது இளைய தலைமுறைக்குத் தெரியுமோ, தெரியாதோ!)

1961இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது இது வட ஆர்க்காடு மாவட்டம். திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். 1919இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி தென்னாட்டு முஸ்லிம்களின் கல்விக்கு எவ்வளவு செய்திருக்கிறது என்பதைத் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களில் பல முஸ்லிம் வீடுகளின் பேச்சு மொழி உருது. கடைவீதியில் உருது, மதரஸாவில் உருது, முஷாயராவில் உருது. அப்படிப்பட்ட ஊரில் உருதுக் கவிஞரின் மகன் வந்து தமிழ் கற்பிக்கிறார். பின்னர் தமிழ்த் துறைத் தலைவராகிறார். 1991இல் விருப்ப ஓய்வு பெறும்வரை அங்கேயே இருக்கிறார். வேலை வாணியம்பாடியில், மேடை தமிழ்நாடு முழுக்க.

1974இல் 'பால்வீதி' வந்தது. அவருடைய முதல் தொகுப்பு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் வரும் காவலூரில், 1960களின் கடைசியிலிருந்தே வானியல் அறிஞர்கள் தொலைநோக்கி வைத்து விண்மீன்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு தமிழாசிரியர் தன் முதல் நூலுக்குப் பால்வீதி என்று பெயர் வைக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று ஆராயப் போவதில்லை. இந்த மண்ணிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பது நமக்குப் போதும்.

1978இல் 'நேயர் விருப்பம்'. வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று விளக்க வேண்டியதில்லை. காதால் கேட்கிறவர்களை மனத்தில் வைத்திருந்த கவிஞரால்தான் ஒரு கவிதை நூலுக்கு இப்படிப் பெயர் வைக்க முடியும். 1989இல் 'சுட்டுவிரல்'. 1995இல் 'ஆலாபனை'. அதற்காக 1999ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1997இல், தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக அதே விருதைப் பெற்றிருந்தார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு தமிழ் முஸ்லிம்கள்! புதுக்கவிதையில் குறியீடு என்ற பொருளில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் கவிக்கோ. உருதுவின் கஸல் வடிவத்தைத் தமிழில் எழுதிக் காட்டினார், ஜப்பானின் ஹைக்கூவைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தார். திரைப்படப் பாட்டு எழுதப் போகவில்லை. அங்கே புகழும் பணமும் காத்திருந்தன என்பது தெரிந்தும் போகவில்லை!

கவியரங்கத் தலைவர் என்பவர் யார்?

இன்றைய பிள்ளைகளுக்குக் கவியரங்கம் என்றால் என்னவென்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தலைப்பு. ஐந்தாறு கவிஞர்கள். நடுவில் தலைவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வானொலியில் ஒலிபரப்பாகும். மாநாட்டுப் பந்தலிலும் மீலாது மேடையிலும் நள்ளிரவைத் தாண்டியும் நடக்கும். தலைவர் சும்மா உட்கார்ந்து கைதட்டுகிறவர் அல்லர். ஒவ்வொரு கவிஞரையும் அவர் பெயருக்கும் ஊருக்கும் எழுத்துக்கும் பொருந்துமாறு கவிதையிலேயே அறிமுகம் செய்ய வேண்டும். அவர் பாடி முடித்ததும், சொன்னதில் ஒரு நூலை எடுத்து அடுத்தவரோடு முடிச்சுப் போட வேண்டும். கூட்டம் கலைந்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் நீட்டி முழக்கினால் அவர் மனம் நோகாமல் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு!

சொல்லுங்கள், இன்றைக்குப் பாட்காஸ்ட் நடத்துகிறவர் செய்ய வேண்டிய வேலை இதுதானே? கூப்பிடுவது, அறிமுகம் செய்வது, கேட்பது, கேட்டதைத் தொடுத்துக் கொடுப்பது, கேட்பவரைப் பிடித்து வைப்பது. எழுத்தாளராகவும் நிகழ்ச்சி நடத்துகிறவராகவும் இருப்பது ஏதோ அமெரிக்காவில் பிறந்த புதிய தொழில் என்று நினைக்கிறார்கள். செல்பேசி புதியது. தொழில் பழையது. அந்தத் தொழிலில் தமிழ்நாட்டின் முன்வரிசையில் ஒரு முஸ்லிம் இருந்தார்.

அந்த வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது? எம் கணிப்பில், பாதி தியாகராசர் கல்லூரியிலிருந்து, பாதி முஷாயராவிலிருந்து. முஷாயராவை நடத்துகிறவருக்கு நாஜிம் என்று பெயர். ஒரு கவிஞரை எந்த இடத்தில் அழைக்க வேண்டும், யாருக்குப் பின் யார் வந்தால் கூட்டம் எழும் என்பதெல்லாம் அவர் கையில். கவிஞர் முதல் அடியைச் சொல்லி நிறுத்துவார். கூட்டம் "வாஹ் வாஹ்" என்னும், "முகர்ரர்" என்று மறுபடி கேட்கும். மறுபடி சொல்லி, பசியை வளர்த்து, இரண்டாம் அடியில் முடிச்சை அவிழ்ப்பார். கவிக்கோவின் மேடைப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். அவர் நிறுத்துகிற இடத்தைக் கவனியுங்கள். திருப்பிச் சொல்கிற வரியைக் கவனியுங்கள். உருது அவை தமிழ் மேடைக்குள் நடந்து வருகிற ஓசை கேட்கும். வீட்டு மொழியை மறைத்துக்கொண்டு அவர் தமிழரானார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் இருந்ததை எடுத்து வந்து தமிழுக்குக் கொடுத்தார். தமிழும் இரு கையால் வாங்கிக்கொண்டது.

"முஸ்லிம்களுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1572இல் மதுரையில் 'ஆயிரம் மசலா' அரங்கேறியதைச் சொல்லுங்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியதைச் சொல்லுங்கள். குணங்குடி மஸ்தான் சாகிபைச் சொல்லுங்கள். அந்த வரிசையின் இருபதாம் நூற்றாண்டுப் பெயர் கவிக்கோ. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மொழியில் எழுதிவரும் சமுதாயத்தைப் பார்த்து, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்பவர்களுக்கு வரலாறு தெரியவில்லையா, தெரிந்தே கேட்கிறார்களா?

நம் வீட்டுக் குற்றவாளிகள்

அடுத்தவரைச் சாடுவது எளிது. நம்மவர்களையும் விடப் போவதில்லை.

முதலில், கவிதையே ஆகாது என்கிறவர்கள். "கவிஞர்களை வழிகேடர்கள்தாம் பின்பற்றுவார்கள் என்று குர்ஆனில் இருக்கிறதே" என்பார்கள். அஷ்ஷுஅரா அத்தியாயத்தை முடிவு வரை ஓதுங்கள் ஐயா! ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக்கொண்டவர்களுக்கு அதே அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் விலக்கு இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? கவிஞர் ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி) அவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே மிம்பர் வைத்துக் கொடுத்தார்கள் என்ற ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறதே! பெருமானார் (ஸல்) அவர்கள் கவிஞருக்கு மேடை கொடுத்தார்கள். நம் ஜமாஅத் மண்டபத்தில் கவிஞருக்கு ஒரு நாற்காலி கிடையாது. கல்யாண விருந்துக்கு மட்டும் ஆயிரம் நாற்காலி!

அடுத்து, "கவிக்கோ கட்சிக்காரர்" என்று ஒதுக்குகிறவர்கள். தி.மு.க. மேடைகளில் அவர் இருந்தார், கலைஞருக்கு நெருக்கமாக இருந்தார், 2009 முதல் 2011 வரை தமிழ்நாடு வக்பு வாரியத் தலைவராக இருந்தார். இவற்றை யாரும் மறைக்கவில்லை. அவருடைய அரசியலோடும் சில கருத்துகளோடும் நமக்கு மாறுபாடு இருக்கலாம். மாறுபடுங்கள், விமர்சியுங்கள். அதற்காக அவரைப் படிக்காமல் இருப்பதில் யாருக்கு இழப்பு? அவருக்கா? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 2017 ஜூன் 2, ரமளான் மாதத்து வெள்ளிக்கிழமை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. இழப்பு நம் பிள்ளைகளுக்கு.

மூன்றாவதாக, கொண்டாடியே கொல்கிறவர்கள். நினைவு நாள் வந்தால் ஸ்டேட்டஸில் ஒரு படம், நிலா, ரோஜா, நாலு வரி. அந்த நாலு வரி அவருடையதா என்று பார்ப்பது கூட இல்லை. எவரோ எழுதிய காதல் வரிக்குக் கீழே கவிக்கோ பெயரைப் போட்டுச் சுற்ற விடுகிறார்கள். அவர் எழுதிய வரி வேறெவர் பெயரிலோ சுற்றுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் முப்பது ஆண்டு வகுப்பறையும் ஆயிரம் இரவு விழிப்பும் இருப்பது ரீல்ஸ் தயாரிக்கிற தம்பிக்குத் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள், அவனுக்குத் தெரிய?

திரைப்பட இயக்குநர் லிங்குசாமி, கவிக்கோ பெயரில் ஹைக்கூப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தார். சென்னை மயிலாப்பூர் பக்கம் கவிக்கோ மன்றம் என்று ஓர் அரங்கம் இருக்கிறது, நூல் வெளியீடுகள் நடக்கின்றன. செய்தவர்கள் நன்றிக்குரியவர்கள். ஆனால் அவர் முப்பது ஆண்டு நடமாடிய இந்தப் பாலாற்றுப் படுகையில், நம் சங்கங்கள், நம் அறக்கட்டளைகள், நம் தோல் வணிகச் செல்வந்தர்கள் அவர் குரலுக்காக என்ன செய்தார்கள்? எங்களுக்குத் தெரியாமல் யாராவது செய்திருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

தமிழ் இல்லாமல் நாற்காலி இல்லை

கேட்கும் நாற்காலியில் உட்கார வேண்டுமானால் தமிழ் வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்!

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அது மேலேறிப் பத்தாம் வகுப்பை எட்டியபோது, உருது உள்ளிட்ட மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் மாணவர்கள் திண்டாடினார்கள். நீதிமன்றம் போனார்கள், விலக்குப் பெற்றார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை மேலும் ஓர் ஆண்டுக்கு நீட்டித்தது. தாய்மொழியில் படிப்பதும் தேர்வு எழுதுவதும் அரசியல் சாசனம் தந்த உரிமை. அதற்காகப் போராடியவர்களோடு நாம் நிற்கிறோம். ஆசிரியரே போடாமல் பாடத்தை மட்டும் கட்டாயமாக்குவது எந்த ஊர் நியாயம் என்று அரசைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் நீதிமன்றத்தில் வென்ற விலக்கை வீட்டில் விடுமுறையாக்கிவிட்டோமே, அதற்கு யார் பொறுப்பு? தேர்வில் தமிழ் வேண்டாம் என்பது வேறு, வாழ்க்கையில் தமிழ் வேண்டாம் என்பது வேறு இல்லையா? ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரில் வளர்ந்து, தமிழ்ச் செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பட்டதாரி நம்மிடையே இருக்கிறான். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு எழுத அடுத்தவரைத் தேடுகிறான். தொலைக்காட்சி விவாதத்தில் அவனைப் பற்றியே பேசுகிறார்கள், மறுத்துப் பேசச் சொல் அவனிடம் இல்லை. அவன் எப்படி அந்த நாற்காலியில் உட்காருவான்?

உருதுவை விடச் சொல்லவில்லை. விட்டால் கவிக்கோவுக்குக் கஸல் ஏது? இரண்டும் வேண்டும் என்கிறோம். இதை முடியாது என்று சொல்கிறவர், சையத் அஷ்ரஃபின் பேரன் எப்படித் தமிழ்த் துறைத் தலைவரானார் என்பதைச் சொல்லிவிட்டு அப்புறம் முடியாது என்று சொல்லட்டும்.

குரலும் மொழியும் இருந்தால் எல்லை கூடத் தடையில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி, கடலுக்கு அப்பால் இருக்கிறார். இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீத். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே உச்சரிப்பை அவரிடம் கேட்டுக் கற்றது. பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியில் கேட்கும் நாற்காலியில் அவர் இருந்தார். தன் அனுபவங்களை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று நூலாகவும் எழுதி வைத்திருக்கிறார். பாட்காஸ்ட் தொடங்க ஆசைப்படும் தம்பிகள் ஒலிவாங்கி வாங்கும் முன் அந்த நூலை வாங்குங்கள்.

தம்பி தங்கையருக்கு

பாட்காஸ்ட் தொடங்கியிருக்கிற, தொடங்கப்போகிற இளையவர்களே! உங்களிடம் சில வார்த்தை.

இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதை ஒன்றரை மணி நேரம் யாரும் கேட்க மாட்டார்கள். விருந்தினர் எழுதியதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். கவிக்கோ ஒரு கவிஞரை அறிமுகம் செய்தால் அந்தக் கவிஞரைப் படித்தவர் பேசுகிறார் என்று அவைக்குத் தெரியும். உங்களிடம் அது தெரிகிறதா?

முஸ்லிம் விவகாரம் மட்டுமே பேசுவேன் என்று உங்களுக்கு நீங்களே வேலி போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வேலியைத்தான் மற்றவர்கள் போட ஆசைப்படுகிறார்கள்! பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலந்து நிலத்தடி நீர் கெட்டதைப் பேசுங்கள். அதில் நம்மவர் ஆலைகளும் உண்டு, மறைக்காமல் பேசுங்கள். புதூர்நாட்டு மலைவாழ் மக்களின் சாலையைப் பேசுங்கள். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியரைக் கூப்பிட்டுச் சங்க இலக்கியம் கேளுங்கள். புர்காவும் வரட்டும், நீங்கள் விரும்புகிற நாளில், உங்கள் சகோதரியே கேட்கும் நாற்காலியில் இருக்க, வரட்டும். ஒருவர் தொடர்ந்து ஐம்பது வாரம் இப்படிச் செய்தால், பிறகு அவரைக் கூண்டில் ஏற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

பார்வை எண்ணிக்கை வரவில்லை என்று இரண்டாம் மாதமே கடையைக் கட்டாதீர்கள். பால்வீதி வந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. ஆலாபனைக்கு விருது வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார்.

உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது

1980களிலும் 90களிலும் கவியரங்கம் நடந்த ஊர்களில் யாராவது ஒருவர் டேப் ரெக்கார்டரை மேடையோரம் வைத்திருப்பார். மைக் செட்காரர் தனியே ஒரு கேசட் போட்டு வைத்திருப்பார். அவை இன்றும் பரண்மேல், பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். காந்த நாடா காலம் போகப் போகக் கெடும் பொருள். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், வெயிலில் வளையும். இன்னும் பத்தாண்டு பொறுத்தால் குரல் இருக்காது, கேசட் மட்டும் இருக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், நாட்றம்பள்ளி ஊர்களின் ஜமாஅத்துகள் வரும் ஜும்ஆவில் ஓர் அறிவிப்புச் செய்யலாம். அவரிடம் படித்த மாணவர்கள் இன்று ஐம்பதும் அறுபதும் கடந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் நினைவுகளையும் அதே செல்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். அதுவே ஒரு பாட்காஸ்ட் தொடராகும், விருந்தினர் பஞ்சமே வராது.

கேசட் கிடைத்தால் ஆர்வத்தில் உடனே பழைய பிளேயரில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். நாடா சிக்கினால் போச்சு. முதலில் பென்சிலைப் பல்லில் கொடுத்து மெதுவாகச் சுற்றி, நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் தொடாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளேயரின் தலையை ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு துடைத்த பிறகே ஓட்ட வேண்டும். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 மட்டும் எடுக்காமல், அளவு பெரிதானாலும் சுருக்காத கோப்பு ஒன்றையும் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். உறைமேல் யாரோ பால்பாயிண்டில் கிறுக்கிய தேதி, ஊர், தலைப்பு எதையும் அழிக்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரு ஓரங்களிலும் சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் அதன்மேல் யாரும் தவறுதலாக வேறெதையும் பதிவு செய்ய முடியாது.